எட்டொன்றாய் வற்றிய சீனக் கசாயம்

எனக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் கொடுப்பதில் நான் பெரிய ஆள். எண்பதுகளில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் ஆட்களில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே என் சரக்குக்கறி அந்த வீட்டு அடுப்பில் கொதிக்கும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளிப்பூண்டு, சுக்கு என்கிற வேர்க்கொம்பு எல்லாவற்றையும் அரைத்து ஒரு மாஜரின் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவேன். பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அது மரியாதையால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டைகளின் தாய்மார் ஊரில் இருந்தார்கள். அதனால் நான் சொன்னதுதான் சட்டம். "பச்சைத் தண்ணியிலை கை வையாதை. காதுக்குப் பஞ்சு வை. சன்னலைத் திறக்காதை. இப்ப விளங்காது, நாப்பது வயதிலை எலும்பு சொல்லும்" என்று வெருட்டுவேன். ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெட்டை, "அக்கா, உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டாள். "கறி அடிப்பிடிக்கப் போகுது" என்று குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்குப் பிறகு, முப்பத்தேழு வயதில், எனக்கு மகள் பிறந்தாள். சொல்லிக்கொடுத்தவளுக்குப் பரீட்சை வந்த மாதிரி. நான் பத்தியம் கொடுத்த பெட்டைகளில் ஒருத்தி நன்றிக்கடனாகச் சரக்குக்கறி காய்ச்சிக்கொண்டு வந்தாள். "மிளகு பத்தாது. உள்ளி வேகேல்லை. ஆர் உனக்குக் காட்டித் தந்தது?" என்றேன். "நீங்கள்தான் அக்கா" என்றாள். அவள் பிறகு வரவில்லை. மற்றவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும், அவர்களும் வரவில்லை.

என் வீட்டுக்காரர், இவர், பெற்றோல் நிலையத்தில் காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்பார். அவர் தோய்த்தால் துணி அரைவாசிதான் வெளுக்கும் என்பது என் எண்ணம். ஐந்தாம் நாளே எழும்பி, பிள்ளையின் துணிகளைக் குழாய்க்குக் கீழே பச்சைத் தண்ணியில் போட்டுக் கசக்கினேன். சுடுதண்ணியில் போட்டால் கறை பிடித்துவிடும் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அது மாரிகாலம். லண்டன் குழாய்த் தண்ணி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் கிழமை வலது கையில் தொடங்கியது. பெருவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுடுகம்பியை ஓட்டினாற்போல. பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. போத்தல் மூடி திருக ஏலாது. சீலையை மடித்துக் கொய்யகம் பிடிக்க ஏலாது. பிள்ளையின் கைக்குக் கீழே கொடுத்துத் தூக்கினால் கண் இருண்டு வரும். ஒருநாள் தூக்கிய கையிலிருந்து நழுவி விட்டாள். கட்டிலுக்கும் அவளுக்கும் இடையில் நாலு விரல் உயரம்தான். மெத்தையில் போய்ப் பொத்தென்று கிடந்தாள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் அழவில்லை. பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் அழுவது வீண் வேலை என்று நினைத்தேனோ என்னவோ.

ஒருவருக்கும் சொல்லவில்லை. அதன்பிறகு கையைப் பாவிக்காமல் முழங்கையால் தூக்கப் பழகினேன். விறகுக் கட்டைத் தூக்குவது போல இரண்டு முழங்கையையும் அடியில் கொடுத்து நெஞ்சோடு அணைத்து எடுப்பேன். சில நேரம் விரிப்போடு சேர்த்து இழுத்து மடியில் ஏற்றிக்கொள்வேன்.

முப்பத்தோராம் நாள், தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு, லண்டனின் மறுபக்கத்தில் பார்க்கிங் என்ற இடத்திலிருந்து மச்சாள் வந்தா. மச்சாள் என்றால் இவருடைய மூத்த அக்கா. நாலு பெடியளை வளர்த்த மனுசி, கண் பொல்லாத கண். ஐயர் தண்ணி தெளித்து முடித்தபிறகு எல்லோருக்கும் கோப்பி வந்தது. நான் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்ததை மச்சாள் கண்டுவிட்டா.

"உன்ரை கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை மச்சாள். குளிருக்குப் பொத்திப் பிடிச்சன்."

"ஒரு கையாலை பிடி பாப்பம்."

பிடித்துக் காட்டினேன். கோப்பி முழுவதும் மச்சாளின் காஞ்சிபுரத்தில் போனது.

மச்சாள் கோபிக்கவில்லை, அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. சீலையைத் துடைத்துக்கொண்டே இவருக்குச் சொன்னா: "தம்பி, இவவுக்குக் கை ஏலாது. பிள்ளை விழுந்தால் பிறகு கதைச்சு என்ன? நான் கொண்டுபோய் ஒரு மூண்டு மாதம் வைச்சுப் பாக்கிறன். போத்திலிலை மாப்பால் குடுத்தால் வளராதோ? என்ரை பெடியள் வளரேல்லையோ?"

இவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "அக்கா சொல்லுறதும் சரி போலைதான் கிடக்கு" என்றார்.

சரிதான். அது சரி என்பது எனக்கும் தெரிந்திருந்தது. அந்த நாலு விரல் உயரத்தை அவர்கள் காணவில்லை, நான் கண்டிருந்தேன். ஆனால் பத்து வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையை மற்றவருடைய காரில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குள் திரும்பி வருவதை என்னால் நினைக்கவும் ஏலவில்லை. அதைக் காட்டாமல் பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன்: "ஒரு மாதம் தாங்கோ மச்சாள். அதுக்குள்ளை கை சரிவராட்டில் நானே உடுப்பு அடுக்கித் தாறன்."

"சரி. அடுத்த மாதக் கடைசி ஞாயிறு காரோடை வாறன்" என்றா மச்சாள்.

அவசரப்பட்டு வாய்விட்டதை அன்றைக்கே உணர்ந்தேன். மறுநாள் டொக்டரிடம் போனேன். பிள்ளை தூக்கித் தூக்கிப் பெருவிரல் நரம்பு வீங்கியிருக்கிறது, பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுதான், கைக்கு ஓய்வு கொடு என்று சொல்லி, உள்ளே தகடு வைத்த ஒரு கறுப்புப் பட்டை தந்தார். குதிரைக்குக் கட்டுவது போன்ற பட்டை. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் எனக்குக் கை ஏலாது என்று ஊருக்கு அறிவித்தது போலாகும். கொண்டுவந்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன்.

அந்தக் கிழமைதான் என் சீனத் தோழி வந்தாள். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். மலேசியாக்காரி. தகப்பன் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவராம். அந்தக் கடையில் பழகிய தமிழ் அவளிடம் இருந்தது. என் இங்கிலீசைவிட அவளுடைய தமிழ் பத்து மடங்கு திறம். பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்ததற்குச் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் வழக்கமாம். நான் சைவம், முட்டையை இவருக்கு எடுத்து வைத்தேன். பிள்ளை சிணுங்கியது. நான் முழங்கையால் அள்ளினேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அக்கா, இது காத்து லா. மாசம் முடியறதுக்குள்ள நீ பச்சத் தண்ணி தொட்டுட்ட."

ஹவுன்ஸ்லோ முழுவதும் நான் சொல்லித் திரிந்த வசனத்தை ஒரு சீனப்பெண் என் குசினிக்குள் நின்று எனக்கே சொன்னாள்.

"ஆர் சொன்னது? நான் தொடேல்லை" என்றேன்.

"எங்க ஆளுங்களும் முப்பது நாள் வீட்டுல உக்காரும். இஞ்சி சாப்பிடும், தல குளிக்காது, காத்து படாது. பட்டுச்சுன்னா இப்படித்தான் கை புடிக்கும். எங்க வைத்தியர் இருக்காரு, வா."

செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. ஹவுன்ஸ்லோவில் ரெயில் ஏறினால் மாறாமல் சைனா டவுனுக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம். பிள்ளையை அவள்தான் தூக்கி வந்தாள். ரெயிலில் சனங்கள் பிள்ளையைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக வந்தார்கள். நான் பிள்ளையின் தாய் அவள்தான் என்பது போல சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சுரங்கத்துக்குள் பார்க்க ஒன்றும் இல்லை, என் முகம்தான் தெரிந்தது.

கடையின் ஒரு சுவர் முழுவதும் சின்னச் சின்ன மர லாச்சி, இழுத்துத் திறக்கும் பெட்டிகள். உள்ளே போனதும் மூக்கு நிமிர்ந்தது. எங்கள் ஊர்ச் சரக்குக்கடை வாசம். வைத்தியர் வயதானவர், ஒல்லி, தடித்த கண்ணாடி. மேசையில் ஒரு சின்னத் தலையணை வைத்து, அதில் கையை வை என்று காட்டினார். நாடி பார்க்கப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு இதெல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இடது கையைக் கொடுத்தேன். மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு வலது கையையும் கேட்டார்.

"பொம்பிளைக்கு இடக்கைதான் நாடி எண்டு சொல்லு" என்றேன் தோழிக்கு.

அவள் சொன்னாள். வைத்தியர் தலையணையை விரலால் தட்டினார். வலது கையையும் வைத்தேன்.

பச்சைத் தண்ணி தொட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அரைக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். அதன்பிறகு இலையைச் சுருட்டிச் செய்த ஒரு தடித்த சுருட்டைக் கொளுத்தி, அந்தக் கங்கைத் தோலில் படாமல் மணிக்கட்டுக்குக் கிட்டப் பிடித்தார். அந்தச் சூடு எலும்புக்குள் இறங்கியது. மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாக விரல் தானாக விரிந்தது. நல்ல காலம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேனா என்று அவர் கேட்டபோது மட்டும் உண்மை சொன்னேன். அதற்கேற்ற மருந்தாகக் கட்டித் தந்தார்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டித்தான் எப்படிக் காய்ச்சுவது என்று தோழி விளங்கப்படுத்தினாள். நான் பொட்டலத்துக்குள் பார்த்தேன். கறுவாக் குச்சி. அதிமதுரம். வேர்க்கொம்பு. மூன்றும் நான் நித்தம் கையாளும் சரக்கு. அட, எங்கடை கசாயம்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு என் காது மூடிக்கொண்டது. தோழி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கசாயம் காய்ச்ச எனக்கு ஒருத்தி காட்டித்தர வேண்டுமோ. அவள் ஒரு துண்டிலும் எழுதித் தந்தாள், இங்கிலீசில். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், என் பேரைத் தவிர வேறு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. அதையும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன், வாசிக்கிறவள் போல.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைக் கொட்டினால், அடியில் புழுக்கள். காய்ந்து சுருண்ட, வரிவரியான, விரல் நீளப் புழுக்கள். சீனர் பூச்சியையும் மருந்தில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சைவக்காரி விடுவேனா. ஐந்து பொட்டலத்தையும் பிரித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். மிஞ்சியதை எங்கள் முறையில் காய்ச்சினேன். எங்கள் முறை என்றால் எட்டொன்று. எட்டுக் கோப்பை தண்ணி ஒரு கோப்பையாக வற்ற வேண்டும். சிறு நெருப்பில் காலையில் வைத்தால் பின்னேரம் இறங்கும். இறக்கிய பாத்திரத்துக்குள் கறுப்பாக, சீனிப்பாணி மாதிரி, கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

வேலையால் வந்த இவர் வாசலில் நின்று மணந்தார். "இஞ்சரும், றோட்டுக்குத் தார் ஊத்திறாங்களோ?"

"மருந்து" என்றேன். "உங்களுக்கு விளங்காது."

மூன்று நாள் குடித்தேன். இரண்டாம் நாள் காது சுட்டது. மூன்றாம் நாள் வாய் வெந்து சோறு பட ஏலாமல் போனது. வயிறு கல்லாகி விட்டது, கழிப்பறைப் பக்கம் போக வேலையே இல்லை. இதெல்லாம் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று இவருக்கு விளங்கப்படுத்தினேன். ஆனால் பிள்ளையும் இரண்டு நாளாகப் போகாமல் முக்கி முக்கிச் சிவந்து அழத் தொடங்கியபோது என் பேச்சு நின்றது. டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார் இவர். பயப்பட ஒன்றுமில்லை, தாய் குடிக்கிற மருந்தை நிறுத்தச் சொன்னாராம். மேசையில் மச்சாளின் டெலிபோன் நம்பர் எழுதிய கொப்பி திறந்து கிடந்ததைக் கண்டேன்.

தோழியை வரச் சொன்னேன். வந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். பாத்திரமும் சேர்ந்து எழும்பியது. நான் எட்டொன்று என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடியாமலே கேட்டாள்: "மூணு கோப்பை ஊத்தி ஒண்ணாக்கணும், அரை மணி நேரம் போதும்னு எழுதிக் குடுத்தேனே அக்கா, படிக்கலயா?"

"கண்ணாடி இல்லை" என்றேன்.

"புழு மாதிரி ஒரு வேர் இருக்கும், அது எங்க?"

நான் குப்பைவாளியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கைக்கு உரிய மருந்தே அந்த வேர்தானாம்.

மறுபடியும் செவ்வாய்க்கிழமை. மறுபடியும் அந்தச் சின்னத் தலையணை. தோழி எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியர் சிரிக்கவில்லை. இரண்டு கையிலும் நாடி பார்த்துவிட்டு ஒரு வசனம் சொன்னார். தோழி என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்: "உனக்கு வைத்தியர் நீயா நானான்னு கேக்குறாரு அக்கா."

மடியில் கிடந்த பிள்ளைக்குப் பக்கத்தில் என் இரண்டு கையும் உதவாத அகப்பைகள் போலக் கிடந்தன. இன்னும் பத்தொன்பது நாளில் மச்சாளின் கார் வரும். பச்சைத் தண்ணியில் கை வைத்தேன் என்றேன். டொக்டர் தந்த பட்டையை ஒளித்து வைத்தேன் என்றேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றும் சொன்னேன். கடைசியாக, கையிலிருந்து பிள்ளை நழுவியதையும் சொன்னேன். அதை மட்டும் தோழி மொழிபெயர்க்கவில்லை. என் தோளில் கையை வைத்தாள். வைத்தியர் தலையாட்டினார், அது அவருக்கு விளங்கியிருந்தது.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு சின்ன அரிசிப் பை எடுத்துவந்து மேசையில் வைத்தார். தூக்கு என்றார். பெருவிரலை விரித்துப் பிடித்துத் தூக்கினேன், வலித்தது. என் பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தார். கையைப் பைக்கு அடியில் மலர்த்தி நுழைக்கச் சொன்னார். அள்ளுவது போல. பத்துத் தரம் தூக்க வைத்தார். மருந்து வாங்க வந்த சனமெல்லாம் வரிசையில் நின்று பார்த்தது. முப்பத்தேழு வயதில், ஹவுன்ஸ்லோவின் பத்தியக்காரி, ஒரு கடையின் நடுவில் நின்று அரிசிப்பைக்குத் தாலாட்டுப் பாடாத குறை. அந்தப் பட்டையைக் கட்டு என்றும் சொன்னார். தன் மருந்தோடு இங்கிலீசு டொக்டரின் பட்டையையும் கட்டச் சொல்ல அவருக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. வெட்கமெல்லாம் என்னிடம்தான் இருந்தது.

புதிதாகக் கட்டித் தந்த கசாயத்தைச் சில நாள் பொறுத்து மெல்லியதாக, புழுவேரோடு, தோழியின் கண் முன்னால் காய்ச்சிக் குடித்தேன். அவள் வேலைக்குப் போகும் வழியில் வந்து, வைத்தியர் தந்துவிட்ட அந்தச் சுருட்டையும் பிடித்துவிடுவாள். ஒரு பின்னேரம் இவர் என் சீலைத் தலைப்பை மணந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நீர் சுருட்டுக் குடிக்கிறீரோ?"

"ஓம்" என்றேன். "பிள்ளைக்கும் பழக்கிறன்."

எது சுகப்படுத்தியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சீன ஆட்களைக் கண்டால் வேர் என்பேன். டொக்டரைக் கண்டால் பட்டை என்பேன். எங்கள் ஆட்கள் கேட்டால் சரக்குக்கறி என்று சொல்லிவிடுவேன். பச்சைத் தண்ணியைத் தொடாமல் இருந்ததாகவும் இருக்கலாம். இவர் தோய்த்தார். துணி அரைவாசிதான் வெளுத்தது.

ஞாயிறு வந்தது. மச்சாள் பிள்ளையைக் கிடத்தும் கூடையோடு காரிலிருந்து இறங்கினா. நான் படியில் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். ஒரு கையில் பிள்ளை. மணிக்கட்டில் கறுப்புப் பட்டை.

"கையிலை என்ன குதிரைப் பட்டை?"

"மருந்துப் பட்டை மச்சாள். உள்ளை வாங்கோ."

மச்சாள் கதிரையில் இருந்தா. நான் எதிரில் இருந்தேன். கோப்பி வந்தது, பலகாரம் வந்தது, பார்க்கிங்கில் வீட்டு வாடகை ஏறிய கதை வந்தது. பிள்ளையை நான் கீழே வைக்கவில்லை. ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினேன், எழும்பி நடந்தேன், தேவையில்லாமல் சன்னல் வரைக்கும் போய் வந்தேன். மச்சாள் ஒவ்வொரு தூக்கலையும் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த நேரம் பார்த்து மகள் என் மடியை நனைத்தாள். சீலை, பாவாடை எல்லாம் ஊறி, கதிரை மெத்தை வரை போய்விட்டது. எழும்பினால் தெரியும். பிள்ளையை யாரிடமாவது கொடுத்தால்தான் மாற்றலாம். கொடுத்தால் திரும்பி வருமோ என்ற பயத்தில் நான் ஈரத்தில் அப்படியே இருந்தேன். வாசம் மெல்ல எழும்பியது.

மச்சாள் பலகாரத்தைக் கீழே வைத்தா. "இஞ்சை பார், சீலை நனைஞ்சு போச்சு."

"வேர்வை" என்றேன்.

மச்சாள் என்னையே பார்த்தா. சிரிக்காமல் இருக்க அவ பட்ட பாடு வாயோரத்தில் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டினா. "கொண்டா. போய் மாத்திப்போட்டு வா. நான் இஞ்சைதான் இருப்பன்."

கையை அடியில் மலர்த்தி, பெருவிரலைச் சேர்த்து, பிள்ளையை அள்ளி அவவின் கையில் வைத்தேன். அறைக்குள் ஓடிக் கொய்யகம் ஒழுங்காகப் பிடிக்காமலே ஒரு சீலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். மச்சாள் அதே கதிரையில், பிள்ளையின் துணியை மாற்றிவிட்டு, அதோடு கதைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பினா.

"இந்தா, பிடி உன்ரை பிள்ளையை. கூடையை இஞ்சையே விட்டிட்டுப் போறன், பகலிலை கிடத்த உதவும்" என்றா. பிறகு வாசலில் செருப்பைப் போட்டபடி, குரலைத் தணித்து, இவருக்குக் கேட்காமல் கேட்டா: "அந்தச் சீனனிட்டை முழங்காலுக்கும் மருந்து இருக்குமோ?"

"இருக்கும்" என்றேன். "ஆனால் அவர் சொல்லுற மாதிரிக் காய்ச்சுங்கோ மச்சாள். அரை மணித்தியாலம் போதும்."